நான் அனுப்பாத கோடி

மகனே,

இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வராது. கோயிலுக்கு முன்னால் திருவிழா நோட்டீஸ் ஒட்டும் பலகையில் இதை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் நின்று வாசிக்கட்டும், தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டட்டும். யாராவது போனில் படம் பிடித்து உனக்கும் அனுப்பிவிடுவார்கள், அந்த வேலையில் நம் சனம் படு கெட்டிக்காரர்கள். அப்பன் மகனுக்கு எழுதுவதை இப்படி ஊருக்கு முன்னால் வைக்கலாமா என்று கேட்டு உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நீ அந்தக் காரியத்தை ஊருக்கு முன்னால்தானே செய்தாய்? கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தையும் ஊருக்கு முன்னால்தானே வாங்கினாய்? பேஸ்புக்கில் அந்தப் படத்துக்குக் கீழே எத்தனை பேர் கை கூப்பியிருந்தார்கள்! நான் மட்டும் ஒளித்து எழுத வேண்டுமா? சுகமா என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். ஆறட்டும், ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்து பார்த்தேன். ஆறவில்லை.

நேற்று நீ அம்மாவுக்குப் போன் எடுத்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அப்பாவ கொஞ்சம் பேசி அடக்கச் சொல்லுங்கம்மா. ஏழாம் நம்பர் மலைக்கு கொழுந்து பறிக்கப் போக மாட்டோம்னு பொம்பளைங்க நிக்கிறாங்களாம். தோட்டத்து ஆபீஸ்லருந்து எங்க பொலிஸ் ஸ்டேசனுக்கு கோல் வந்துருச்சு. அடுத்த கெழம நான் கொழும்புக்குப் போறேன், பொலிஸ்ல புதுசா சேந்த ஆளுங்களுக்கு கிளாஸ் எடுக்க. போற நேரத்துல ஒரு பிரச்சினையும் வேணாம்" என்றாய். கிளாஸ் எதைப் பற்றி என்றும் பெருமையாகச் சொன்னாய். மக்களோடு முரண்பாடு வந்தால் அடி தடி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றியாம். அதற்கு உதாரணமாக எங்கள் வீட்டுச் சாவைத்தான் சொல்லப்போகிறாயாம். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தச் சாவைப் பற்றிக் கொழும்பில் ஒரு கதை சொல்லப்படும் முன்னால், நடந்தது நடந்தபடி இங்கே ஒரு தடவை சொல்லப்பட வேண்டும். தெரிந்த கதைதானே என்று இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் பாதியில் நகர்ந்து போக வேண்டாம். உங்களுக்கெல்லாம் தெரிந்தது பாதிதான்.

பாக்கியம் என் ஒரே தங்கச்சி, உனக்கு அத்தை. உன் அம்மா மலைக்குப் போன காலத்தில் உன்னை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட மனமில்லாமல், தன் பேறுகால லீவில் உன்னையும் சேர்த்து மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவள். ஏழாம் நம்பர் மலையின் மேட்டு ஓரத்தில் நிற்கும் பெரிய மரத்தில் பானை அளவுக்குக் குளவிக் கூடு தொங்குகிறது என்று அவளும் கூட நின்ற பெண்களும் கண்டாக்கையாவிடம் சொன்னார்கள். மலையில் வேலை வாங்குகிற அதிகாரி அவர்தான், அவரிடம்தான் சொல்ல வேண்டும். "பாத்துக்கலாம், அந்த மூணு நிரைய விட்டுட்டு பக்கத்து நிரையப் புடிங்க" என்றார். பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தால் குளவி வழி கேட்டுக்கொண்டா வரும்? கலைந்து வந்ததும் மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் உருண்டு தப்பினார்கள். உன் அத்தைக்கு முழங்கால் வாதம், அவளால் ஓட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். அவளைப் பார்த்தபோது என் தங்கச்சி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்துத்தான் ஆமாம் என்றேன்.

பிரேதப் பரிசோதனை முடிந்து அவளை அவள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டு வந்த பிறகு, தோட்டத்துச் சங்கத் தலைவரான நானும் மற்றவர்களும் உட்கார்ந்து பேசினோம். நீ அங்கே இல்லை, ஆனால் என்ன முடிவு என்பது உனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் காசு கேட்கவில்லை. ரோட்டை மறிக்கவில்லை, டயர் கொளுத்தவில்லை, யாருடைய கண்ணாடியையும் உடைக்கவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரை வர வேண்டும், பெட்டிக்கு முன்னால் நின்று, அந்த மலையில் இருக்கிற கூடுகளை எல்லாம் அழித்து முடிக்கிற வரைக்கும் ஏழாம் நம்பருக்கு ஒரு ஆளும் விடமாட்டேன் என்று தன் வாயால் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். பிணம் லயத்தில் கிடக்கும்போது தோட்டத்தில் ஒருத்தரும் வேலைக்குப் போவதில்லை என்பது நம் வழக்கம். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. துரைக்கு அது புரியும்.

ஆனால் எத்தனை நேரத்துக்கு ஒரு பிணத்தை வைத்திருப்பது? வயதானவர்கள் சங்கடப்பட்டார்கள். பாவம், எடுத்துவிடலாம் என்று முணுமுணுப்பு வந்தது. அப்போதுதான் நான் சொன்னேன், கோடி என்னிடம் இருக்கிறது என்று. ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். அந்தக் கோடி விழாமல் பெட்டியைத் தூக்க மாட்டார்கள். அதைக் கொண்டு வரும் உரிமை கூடப்பிறந்தவனுக்கு, அவன் இல்லாவிட்டால் அவன் மகனுக்கு. சேலையை வாங்கி வீட்டில் மடித்து வைத்திருந்தேன். துரை வந்து வார்த்தை சொன்ன பிறகுதான் அதைக் கொண்டு வருவேன் என்று தங்கச்சியின் தலைமாட்டில் நின்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் எடுப்பதைப் பற்றிப் பேசவில்லை. கோடியைப் போடு என்று எனக்குக் கட்டளை போட எந்தக் கோர்ட்டாலும் முடியாது, எந்த ஸ்டேஷனாலும் முடியாது. இந்த மலையில் எங்கள் கையில் சாவி இருந்த ஒரே பூட்டு அது. அதைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. கூடப்பிறந்தவளை மண்ணுக்கு அனுப்பாமல் பிடித்து வைத்திருக்கிறேனே என்று ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை. அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பொலிஸ் வந்தது. வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, சனம் கூடுகிற இடத்துக்கு வருவது அவர்கள் வேலை. உங்கள் சார்ஜன்ட் மாத்தயா, அந்த நரைத்த மீசைக்காரர், கொடுத்த பிளேன்டீயை வாங்கிக் குடித்துவிட்டு, பந்தலாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே ஓரமாக நின்றார். அவர் சிங்களவர், இந்த ஊர்க்காரரும் இல்லை. எப்போது கலைவீர்கள் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "அவசரம் இல்ல, தலைவர். மனுசர் செத்த வீடு. துரைதான் அவசரமா வரணும்" என்று பாதித் தமிழில் சொன்னார். ஜீப்பிலிருந்து கடைசியாக நீ இறங்கினாய். உண்மையைச் சொல்கிறேன், உன்னைப் பார்த்ததும் என் தோளில் இருந்த பாரம் பாதி இறங்கிப்போனது. எங்கள் கோரிக்கை என்ன என்று உன் காதில் விளக்கமாகச் சொன்னேன். கோடியைப் பற்றியும் சொன்னேன். நீ தலையைக் குனிந்து பொறுமையாகக் கேட்டாய். பிறகு துரையின் ஆபீசிலிருந்து எனக்கு ஆள் வந்தது, பேசலாம் வாங்க என்று.

துரையின் அறைக்குள் போகும்போது போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், யாரும் பதிவு செய்துவிடக் கூடாதாம். கொடுத்துவிட்டுப் போனேன். அவர் சின்ன வயது மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், மேலிடத்துக்குப் பயந்தவர். நான் பேசப் பேச கொழும்போடு போனில் பேசினார், சுவரில் இருந்த மலைப் படத்தைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் எழுந்தார். "சரி தலைவர், வாங்க போவோம். நானே வந்து சொல்றேன்" என்றார். மகனே, அந்த மனிதர் ஜாக்கெட்டை எடுத்து ஒரு கையை உள்ளே விட்டுவிட்டார். வெளியே டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். அந்த நேரத்தில் கீழே லயத்துப் பக்கமிருந்து சாவு மேளம் கேட்டது. பெட்டியைத் தூக்கினால் மட்டும் அடிக்கிற அடி. துரை அப்படியே நின்றார். "எடுத்துட்டாங்களா தலைவர்?" என்று கேட்டார். இருக்காது துரை, கோடி என் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். மேளம் நடந்து நடந்து கிட்டே வந்தது. அவர் ஜாக்கெட்டிலிருந்து கையை உருவி, அதை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "அப்ப முடிஞ்சுதே. குளவிக் கூட்டைப் பத்தி நான் கண்டாக்கு கிட்ட சொல்றேன், நீங்க போய்க் காரியத்தப் பாருங்க" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் அந்த அறையில் இருந்த நேரத்தில் நீ என்ன செய்தாய் என்பதைப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். டவுனுக்குப் போய் முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் சேலை வாங்கினாய். "தலைவரு அனுப்புனாருன்னு தம்பி சொன்னாரு. செத்த வீட்டுக்கு எடுக்கிற துணிக்குக் காசு வாங்க மனசு வரல, சும்மாதான் குடுத்தேன்" என்று நானா என்னிடம் சொன்னபோது அவர் கண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டி வைத்திருந்த இடத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றினாய், சப்பாத்தைக் கழற்றினாய், சேலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாய். பெண்கள் பொங்கிப்போனார்கள். அண்ணன் வீட்டுக் கோடி வந்துவிட்டது என்று ஒப்பாரி கிளம்பியது. அத்தையின் மகள் தர்ஷினி அழுதுகொண்டே உன் கையைப் பிடித்துக் கேட்டாளாம், "துரை ஒத்துக்கிட்டாரா மச்சான்? மாமா சொல்லித்தானே கொண்டாந்தீங்க?" என்று. நீ தலையை ஆட்டினாய். மாமா வந்து சேரட்டுமே என்று அவள் சொன்னபோது, "அப்பா நேரா குழிக்கே வந்துருவாரு, நேரமாச்சு, எடுங்க" என்றாய். அழுதுகொண்டும் இருந்தாயாம். அது நடிப்பு என்று நான் சொல்லவில்லை. அத்தைக்காக உண்மையாகவே அழுதிருப்பாய். அழுதுகொண்டே செய்தாய் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் ஓடி வந்து சேர்ந்தபோது பெட்டி குழிக்குள் இறங்கியிருந்தது. நான் முகம் பார்ப்பதற்காக இன்னும் மூடாமல் விட்டிருந்த பெட்டிக்குள் சேலையின் ஓரத்தில் கடைச் சீட்டு பிளாஸ்டிக் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கிழிக்கக்கூட உனக்கு நேரமில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், துரை என்ன சொன்னார் என்ற கேள்வியோடு. அந்த இடத்தில், இது என் கோடி இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். காக்கியோடு நீ நின்றுகொண்டிருந்தாய், கையில் மண்வெட்டியோடு பத்துப் பேர் நின்றார்கள். என் தங்கச்சியின் குழி மேட்டில் என் மகனை அடித்துப் போட்டிருப்பார்கள். நான் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடினது சரி. அடுத்த நாளும் மூடிக்கொண்டிருந்தேனே, அடுத்த மாதமும், அது சரியில்லை. உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தேன். அதற்குள் தலைவர் துரையிடம் காசு வாங்கிவிட்டார், அறைக்குள் போய்ப் பேரம் பேசிவிட்டு மகனிடம் கோடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று தோட்டம் முழுவதும் பேச்சு. கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தர்ஷினி எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நோட்டீஸ் பலகைக்கு முன்னால் நிற்கிறவர்களே, இப்போது தெரிந்துகொள்ளுங்கள். நான் அனுப்பவில்லை. நான் எடுத்து வைத்த சேலை மடிப்புக் கலையாமல் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. இதை அப்போதே சொல்லாமல் விட்டதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

உன் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கப்போவதில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தாய். நான் கேட்டதற்கு, "டவுன்லருந்து கலகம் அடக்குற லொறி பொறப்படப் போவுதுன்னு தகவல் வந்துச்சுப்பா. கண்ணீர்ப்புகை அடிச்சிருப்பாங்க. சின்னப் புள்ளைங்க, வயசானவங்க எல்லாம் இருந்தாங்க. ஒரு சொட்டு ரத்தம் இல்லாம முடிச்சேன். அது தப்பா?" என்றாய். உன் அம்மாவும், "புள்ள யாரையும் அடிக்கலயேங்க, நல்லதுக்குத்தானே செஞ்சான்" என்றாள். அந்த லொறி உண்மையில் புறப்பட இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. சார்ஜன்ட் மாத்தயாவுக்கும் அப்படி ஒரு தகவல் தெரியாதாம். சரி, புறப்பட இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்டாய். இந்த ஒரு கேள்விதான் மகனே, இத்தனை நாளாக என் தூக்கத்தைக் கெடுத்தது. கேட்டிருப்போமோ மாட்டோமோ, அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள். லொறி வருகிறது, எனக்கு இருக்கிற உத்தரவு இது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீ சொல்லியிருந்தால், பிள்ளைகளை அப்புறப்படுத்தியிருப்போம். ஒருவேளை நானே கோடியைக் கொண்டு வந்திருப்பேன். தோற்றிருந்தாலும் எங்கள் கண் திறந்திருக்கும்போது தோற்றிருப்போம். பொல்லுத் தடியால் அடிபட்டவனுக்கு அடித்தவன் யார் என்றாவது தெரியும். நீ செய்ததில் எங்கள் சனம் தங்கள் கையாலேயே தங்கள் கோரிக்கையைக் குழிக்குள் இறக்கி மண் போட்டார்கள், அதுவும் உனக்கு நன்றி சொல்லிக்கொண்டு.

பண்பாட்டைப் புரிந்துகொண்டு செயல்பட்ட அதிகாரி என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதாம், உன் அம்மா வாசித்துக் காட்டினாள். புரிந்துகொண்டாய், யார் இல்லை என்றது? வீட்டுச் சாவி எங்கே தொங்கும் என்று வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும். வேறு எந்தப் பொலிஸ்காரன் அந்தச் சேலையைக் கொண்டு வந்திருந்தாலும் நம் பெண்கள் விளக்குமாற்றால் விரட்டியிருப்பார்கள். நீ எங்கள் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற வேலைக்கு நேர்மையாக இரு, அப்பன் தலைவர் என்பதற்காக வளையாதே என்று நீ வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொன்னவன் நான். பொலிஸ்காரனாக வந்திருந்தால் பொலிஸ்காரனாக நின்றிருக்கலாம். அண்ணன் மகனாக வந்திருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். இரண்டாவது உடுப்பைப் போட்டுக்கொண்டு முதலாவது வேலையைச் செய்தாய் பார், அதற்கு மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீ கெடுத்தது அத்தையின் சாவை மட்டும் என்று நினைக்கிறாயா? போன மாதம் மேல் லயத்தில் ஒரு பெண் இறந்தாள். அவள் தம்பி டயகமப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, மழையில் நனைந்துகொண்டு கோடியோடு வந்தான். பெட்டிக்குக் கிட்டே போகவிடாமல் இரண்டு பேர் அவனை நிறுத்தி, "யாரு அனுப்புனது? வீட்டுக்குப் போன் போட்டுக் குடு, பேசிட்டு விடுறோம்" என்றார்கள். கூடப்பிறந்தவளுக்குச் சேலை கொண்டு வந்தவனிடம் அப்படிக் கேட்டார்கள். அவன் அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கூட்டத்தில் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தேகப்படாமல் வைத்திருந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று. இனி தமிழ்ப் பிள்ளை ஒருவன் காக்கி போட்டுக்கொண்டு, மாமா, சித்தி என்று உறவு சொல்லிக்கொண்டு லயத்துக்குள் வந்தால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கதவைச் சாத்துவார்கள். உனக்குப் பின்னால் வருகிறவர்களின் வழியையும் நீ அடைத்துவிட்டாய்.

உனக்கு வேறு வழி தெரியாது என்றால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவிழாத் தேர் எந்தப் பிரிவுக்கு முதலில் போவது என்று மேல்பிரிவும் கீழ்பிரிவும் கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, நீ கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து பொழுது சாயும் வரைக்கும் இரண்டு பக்கத்தையும் கேட்டாய். குடித்துவிட்டு உளறினவனையும் கேட்டாய். ஒரு பொய் சொல்லவில்லை. "அடிபட்டீங்கன்னா தேர் அனுமதிய ரத்து பண்ணச் சொல்லி எனக்கு ஓடர் இருக்கு. நான் பண்ணித்தான் ஆவணும். அது நடக்கணுமா வேணாமான்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னாய். அவர்களே பேசி முடித்தார்கள். அன்றைக்கு எவ்வளவு திட்டு வாங்கினாய் என்று எனக்குத் தெரியும், முகத்தில் காறித் துப்பக்கூடப் பார்த்தான் ஒருவன். அதற்கு உனக்கு யாரும் பத்திரம் தரவில்லை, படம் எடுக்கவில்லை. நான் மட்டும் வீட்டில் உன் அம்மாவிடம், நம் பிள்ளை இந்த வேலைக்குத்தான் பிறந்திருக்கிறான் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். கொழும்பில் சொல்லிக்கொடுக்க உனக்கு அந்தக் கதை ஞாபகம் வரவில்லை. ஜெயித்த கதை என்று இதை எடுத்துக்கொண்டு போகிறாய். உனக்கு முன்னால் உட்காரப் போகிற பிள்ளைகள் நாளைக்கு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் போவார்கள். அந்தந்த ஊர் சனம் எதை நம்புகிறது என்று பார்த்து, அதிலேயே கை வைக்கப் பழகிவிட்டுப் போவார்கள்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். அப்பா பேசி அடக்க மாட்டார். அந்தக் கூடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கண்டாக்கு வந்து பார்த்தார், ஆள் கூப்பிடுவதாகச் சொன்னார், போனார். இத்தனை நாளும் விட்டிருந்த ஏழாம் நம்பரில் கொழுந்து முற்றி மறுபடி பறிக்கிற முறை வந்துவிட்டது. அத்தையின் இடத்தில் இப்போது தர்ஷினி பறிக்கிறாள். தாயைக் கொன்ற மரத்துக்குக் கீழே மகளை நிற்கச் சொல்கிறார்கள். அவள் போக மாட்டேன் என்கிறாள், மற்றப் பெண்களும் போக மாட்டோம் என்கிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, இத்தனை நாளும் என்னைப் பற்றி நினைத்திருந்ததற்குக் கூப்பிடுவார்களா? நானாகத்தான் போகிறேன். நாளைக் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பிரித்து ஏழாம் நம்பருக்குப் போகச் சொல்லும்போது அவர்கள் மலையடிப் பாதையில் உட்காருவார்கள். இந்தக் கடிதத்தை வாசித்த பிறகும் என்னைப் பக்கத்தில் உட்கார விடுவார்களோ இல்லையோ, தெரியாது. விட்டால் முன்னால் உட்காருவேன், விடாவிட்டால் பின்னால் உட்காருவேன்.

ஸ்டேஷனிலிருந்து உன்னைத்தான் அனுப்புவார்கள். போன தடவை அழகாக முடித்துக்கொடுத்தவன் நீதானே. வா. தொப்பியைக் கழற்றாதே, சப்பாத்தைக் கழற்றாதே. உனக்கு என்ன உத்தரவு இருக்கிறது என்பதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல். நாங்கள் கேட்பது என்ன என்று எங்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு துரையிடம் போ, அவர் சொல்கிற பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் திரும்பக் கொண்டு வா. அதற்குப் பிறகும் எங்களைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சட்டப்படி தூக்கு, திமிற மாட்டோம். தர்ஷினியை மச்சி என்று கொஞ்சாதே. பெண்களிடம் அத்தை, சித்தி என்று குழையாதே. என்னிடம் வந்து குனிந்து, காதுக்குள் அப்பா என்று கூப்பிடாதே. மற்றவர்களிடம் எப்படிக் கேட்பாயோ அப்படி, நேராக நின்று என் பெயரைக் கேள். சொல்கிறேன், எழுதிக்கொள்.